உலக ராலி: வெல்வது காரா, ஓட்டுநரா, நிறுவனமா?

கார் பந்தயம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஃபார்முலா 1 தான். ஒரே பாதையில் பல கார்கள் சுற்றிச் சுற்றி ஓடும். யார் முன்னால் போகிறார், யார் பின்னால் வருகிறார் என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். ராலி பந்தயம் அப்படி இல்லை. இங்கே ஒரு கார் இன்னொரு காரை முந்துவதைப் பார்ப்பதே அரிது. கார்கள் சில நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாகப் புறப்படும். காடு, மலை, பனி, பாலைவனம் எதுவாக இருந்தாலும் மூடப்பட்ட சாலையில் தனியாக ஓட வேண்டும். எதிரி கடிகாரம்தான். எல்லா ஸ்டேஜ்களிலும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டி, மொத்தத்தில் குறைவாக எடுத்தவர் வென்றவர் ஆவார்.

ஓட்டுநரின் பக்கத்தில் கோ-டிரைவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அடுத்த வளைவு இடதா வலதா, எவ்வளவு கூர்மையானது, மேடு இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்று முன்பே எழுதி வைத்த குறிப்பை அவர் படித்துக்கொண்டே வருவார். ஓட்டுநர் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்பதை நம்பித்தான் ஓட்டுகிறார்.

இப்படிப்பட்ட போட்டியில் வெற்றி யாருடையது? நல்ல கார் இருந்தால் போதுமா? திறமையான ஓட்டுநர் இருந்தால் போதுமா? அல்லது பணமும் திட்டமும் உள்ள நிறுவனம்தான் கடைசியில் வெல்லுமா? இந்தக் கேள்விக்கு விடை தேட 1981 முதல் 1986 வரையிலான ஆறு ஆண்டுகளைவிடப் பொருத்தமான காலம் வேறு இல்லை. ராலி வரலாற்றில் மிகவும் விறுவிறுப்பான ஆண்டுகளும் அவைதான். மிகவும் துயரமான ஆண்டுகளும் அவைதான்.

இரண்டு பட்டங்கள்

உலக ராலி சாம்பியன்ஷிப் 1973இல் தொடங்கியது. அப்போது பட்டம் கார் நிறுவனங்களுக்கு மட்டுமே தரப்பட்டது. முதல் ஆண்டில் பிரான்சின் அல்பைன் ரெனோ வென்றது. 1974, 1975, 1976 ஆகிய மூன்று ஆண்டுகளும் லான்சியாவின் ஸ்ட்ராட்டோஸ் கார் வென்றது. ஓட்டுநருக்கென்று தனி உலகப் பட்டம் 1979இல்தான் வந்தது. சுவீடனின் பியோர்ன் வால்டேகார்டு அதை முதலில் பெற்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் இரண்டு கணக்குகள் நடக்கின்றன. ஒன்று ஓட்டுநருடையது, மற்றொன்று நிறுவனத்துடையது. சாதாரணமாக யோசித்தால் சிறந்த காரை ஓட்டுபவரே சாம்பியன் ஆக வேண்டும், அந்தக் காரைச் செய்த நிறுவனமே பட்டம் பெற வேண்டும். ஆனால் இந்த இரண்டு பட்டங்களும் பல முறை வெவ்வேறு இடங்களுக்குப் போயிருக்கின்றன. அதற்கான காரணத்தில்தான் ராலியின் உண்மையான போட்டி ஒளிந்திருக்கிறது.

நான்கு சக்கரமும் இழுத்தால் என்ன?

1970களின் ராலி கார்களில் பெரும்பாலானவை பின்சக்கர இயக்கம் கொண்டவை. அதாவது எஞ்சினின் சக்தி பின்பக்கச் சக்கரங்கள் இரண்டுக்கு மட்டுமே போகும். நான்கு சக்கரங்களுக்கும் சக்தி போகும் அமைப்பு ஜீப் போன்ற கனமான வண்டிகளுக்குத்தான் பொருந்தும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

1977ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஜெர்மனியின் அவுடி நிறுவனப் பொறியாளர்கள் பின்லாந்தின் பனியில் கார்களைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கூடவே ஃபோக்ஸ்வாகனின் இல்டிஸ் என்ற ராணுவ வண்டியும் இருந்தது. சக்தி குறைந்த வண்டிதான். ஆனால் பனியில் அதைவிடச் சக்தி வாய்ந்த கார்களையெல்லாம் அது தோற்கடித்தது. நான்கு சக்கரங்களும் தரையைப் பற்றியதே காரணம். இதைக் கவனித்த பொறியாளர் யோர்க் பென்சிங்கர், ஒரு சாதாரணக் காரில் இதே அமைப்பை வைத்தால் என்ன என்று கேட்டார். நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர் ஃபெர்டினாண்ட் பியெக் ஆதரவு கொடுத்தார். 1980இல் ஜெனீவா கண்காட்சியில் அவுடி குவாட்ரோ அறிமுகமானது. டர்போ பொருத்திய ஐந்து சிலிண்டர் எஞ்சினும் நான்கு சக்கர இயக்கமும் அதில் இருந்தன.

1981 ஜனவரியில் மான்டே கார்லோ ராலியில் குவாட்ரோ களம் இறங்கியது. பின்லாந்து ஓட்டுநர் ஹன்னு மிக்கோலா மற்றவர்களை வெகு தொலைவில் விட்டுவிட்டு முன்னிலைக்குப் போனார். பிறகு விபத்தில் சிக்கி விலகினார். அடுத்த மாதமே சுவீடனில் வென்றார். இனிமேல் பின்சக்கரக் கார்களின் கதை முடிந்தது என்றே பலரும் எண்ணினார்கள்.

ஆனால் அந்த ஆண்டின் இரண்டு பட்டங்களில் ஒன்றுகூட அவுடிக்குக் கிடைக்கவில்லை! ஓட்டுநர் பட்டத்தை ஆரி வாட்டனென் தனியார் அணி ஒன்றின் ஃபோர்டு எஸ்கார்ட் காரில் வென்றார். நிறுவனப் பட்டம் டால்போட்டுக்குப் போனது. இரண்டுமே பின்சக்கர இயக்கக் கார்கள். குவாட்ரோ வேகமாக ஓடியது உண்மை. ஆனால் புதிய இயந்திரம் என்பதால் அடிக்கடி பழுதானது. வேகமாக ஓடுவது வேறு, கடைசி வரை ஓடுவது வேறு என்பதை முதல் ஆண்டே காட்டிவிட்டது.

1982: மூன்று வெற்றி பெற்றவர் தோற்ற ஆண்டு

1981 அக்டோபரில் இத்தாலியின் சான்ரெமோ ராலியில் இன்னொரு சாதனை நடந்தது. பிரான்சைச் சேர்ந்த மிஷெல் மூட்டோன் குவாட்ரோவில் வென்றார். உலக சாம்பியன்ஷிப் ராலி ஒன்றில் வென்ற முதல் பெண் அவர். கோ-டிரைவராக இருந்த ஃபப்ரிட்ஸியா போன்ஸும் பெண்தான்.

அடுத்த ஆண்டு மூட்டோன் போர்ச்சுகல், கிரீஸ், பிரேசில் என்று மூன்று ராலிகளை வென்றார். பட்டத்துக்கு அவரோடு மோதியவர் ஜெர்மனியின் வால்டர் ரோர்ல். ரோர்லிடம் இருந்தது ஓப்பல் அஸ்கோனா 400. டர்போ கிடையாது, நான்கு சக்கர இயக்கம் கிடையாது. எளிமையான, உறுதியான பின்சக்கரக் கார்.

ரோர்ல் அந்த ஆண்டு வென்றது இரண்டே ராலிகள். ஆனால் பெரும்பாலான போட்டிகளில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்துகொண்டே இருந்தார். கிரீஸில் மூட்டோன் முதலிடம் என்றால் ரோர்ல் இரண்டாமிடம். பிரேசிலிலும் அப்படியே. வெற்றி கிடைக்காத இடத்தில் புள்ளிகளை விடாமல் சேர்த்தார்.

ஆண்டின் கடைசிக்கு முந்தைய ராலி ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் நடந்தது. மண் சாலைகளில் பல நாட்கள் ஓட வேண்டிய நீண்ட ராலி அது. தொடங்குவதற்குச் சற்று முன் மூட்டோனின் தந்தை இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தது. ஆனாலும் அவர் ஓட்டினார். ஓட்டியது மட்டுமல்ல, ரோர்லை வெகுவாகப் பின்னுக்குத் தள்ளி முன்னிலையிலும் இருந்தார். பிறகு காரின் கியர் பாக்ஸ் பகுதியில் கோளாறு ஏற்பட்டது. சரிசெய்வதற்குள் சேர்த்த நேரமெல்லாம் கரைந்துபோனது. இழந்ததைப் பிடிக்க வேகமெடுத்தபோது கார் சாலையை விட்டு விலகி நொறுங்கியது. ரோர்ல் வென்றார். பட்டமும் அவருக்கே உறுதியானது. ஆண்டு முடிவில் ரோர்ல் 109 புள்ளிகள், மூட்டோன் 97 புள்ளிகள்.

நிறுவனப் பட்டத்தை அவுடி வென்றது. ஓட்டுநர் பட்டம் பழைய பாணிக் காரில் ஓடியவருக்குப் போனது. மூட்டோன் இரண்டாம் இடம் பெற்றார். இன்றுவரை உலக ராலியின் ஓட்டுநர் பட்டியலில் வேறு எந்தப் பெண்ணும் அந்த இடத்தைத் தொடவில்லை.

1983: இரண்டே புள்ளி வித்தியாசம்

1982இல் ‘குரூப் பி’ என்ற புதிய விதி நடைமுறைக்கு வந்தது. 12 மாதங்களில் 200 கார்கள் மட்டும் தயாரித்தால் போதும், அந்தக் காரை ராலியில் இறக்கலாம். இதைவிடச் சாதாரணப் பிரிவான ‘குரூப் ஏ’வுக்கு 5000 கார்கள் தேவை. 200 கார்கள் என்பது ஒரு பெரிய நிறுவனத்துக்குச் சிறிய எண்ணிக்கை. எனவே சாலையில் விற்பதற்காக அல்லாமல், ராலியில் வெல்வதற்காகவே ஒரு காரை வடிவமைக்க முடிந்தது.

இத்தாலியின் லான்சியா அப்படிச் செய்த கார்தான் 037. எஞ்சின் நடுவில் இருக்கும். சூப்பர் சார்ஜர் உண்டு. எடை குறைவு. ஆனால் இயக்கம் பின்சக்கரம் மட்டுமே. நான்கு சக்கரக் குவாட்ரோவுக்கு எதிரே இதைக் கொண்டுவந்தது துணிச்சலா, பிடிவாதமா என்று கேட்கத் தோன்றும். அணியின் தலைவர் செசாரே ஃபியோரியோவின் கணக்கு வேறு. குவாட்ரோ கனமானது, சிக்கலானது, வளைவுகளில் திரும்பத் தயங்குவது. தார்ச்சாலையில் 037 அதை வெல்லும். சரளைச் சாலையில் பழுதில்லாமல் ஓடினால் தாக்குப்பிடிக்கலாம். கூடவே வால்டர் ரோர்லும் லான்சியாவுக்கு வந்துவிட்டார்.

மான்டே கார்லோவில் அந்த ஆண்டு பனி குறைவு. ரோர்ல் முதலிடம், அவரது அணியின் மார்க்கு அலென் இரண்டாமிடம். கோர்சிகா தீவின் தார்ச்சாலைகளில் அலென் வென்றார். இவை எதிர்பார்த்தவைதான். எதிர்பாராதது கிரீஸும் நியூசிலாந்தும். சரளை நிறைந்த அந்த இரண்டு ராலிகளையும் ரோர்ல் வென்றார். சான்ரெமோவில் லான்சியா கார்கள் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. பட்டம் கைக்கு வந்துவிட்டதால் ஆண்டின் கடைசி ராலிக்கு லான்சியா அணி போகவே இல்லை.

அந்த ஆண்டின் 12 ராலிகளில் அவுடி 5, லான்சியா 5 வென்றன. நிறுவனப் பட்டியலின் முடிவு லான்சியா 118, அவுடி 116. இரண்டே புள்ளிகள்! பின்சக்கர இயக்கக் கார் ஒன்று உலக ராலியின் நிறுவனப் பட்டத்தை வென்றது அதுவே கடைசி முறை.

ஓட்டுநர் பட்டமோ அவுடியின் ஹன்னு மிக்கோலாவுக்குக் கிடைத்தது. அவர் நான்கு ராலிகளை வென்றிருந்தார். 1982இல் நடந்ததற்கு நேர் எதிரான முடிவு இது. முந்தைய ஆண்டு அவுடி நிறுவனம் வென்றது, அதன் ஓட்டுநர் தோற்றார். இந்த ஆண்டு அவுடி ஓட்டுநர் வென்றார், நிறுவனம் தோற்றது. இந்த இரண்டு ஆண்டுகளில் மனிதத் திறமையும், திட்டமிடலும், காரின் உறுதியும், புதிய தொழில்நுட்பமும் ஏறக்குறையச் சமமான எடையில் இருந்தன. அதனால்தான் யார் வெல்வார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

தராசு சாய்ந்தது

1983இன் பாடத்தை எல்லா நிறுவனங்களும் படித்தன. லான்சியாவைப்போல் ராலிக்கென்றே பிறந்த கார் வேண்டும். அவுடியைப்போல் நான்கு சக்கர இயக்கமும் வேண்டும். இரண்டையும் முதலில் வெற்றிகரமாக இணைத்தது பிரான்சின் பூஜோ. அணியின் தலைவர் ஜான் டோட், பிற்காலத்தில் ஃபார்முலா 1இல் ஃபெராரி அணியை வழிநடத்தியவர். 205 டர்போ 16 என்ற அந்தச் சிறிய கார் 1984 மே மாதம் கோர்சிகாவில் அறிமுகமானது. அந்த ஆண்டின் பின்பாதியில் வாட்டனென் அதில் மூன்று ராலிகளை வென்றுவிட்டார். 1984இன் இரண்டு பட்டங்களும் அவுடிக்குப் போனாலும், அடுத்த ஆண்டு யாருடையது என்பது தெரிந்துவிட்டது.

1985 மான்டே கார்லோவில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். வாட்டனெனின் கோ-டிரைவர் டெர்ரி ஹாரிமன் சோதனைச் சாவடி ஒன்றில் குறித்த நேரத்துக்கு முன்பே அட்டையைக் கொடுத்துவிட்டார். அதற்கு 8 நிமிடத் தண்டனை. நொடிக்கணக்கில் வெற்றி தோல்வி முடிவாகும் போட்டியில் 8 நிமிடம் என்பது மலை. ஆனாலும் வாட்டனென் அதையும் ஈடுகட்டி, அப்போது அவுடிக்கு மாறியிருந்த ரோர்லைத் தோற்கடித்து வென்றார். வாட்டனெனின் திறமைக்கு இது சான்று. அந்தக் கார் எவ்வளவு முன்னேறியிருந்தது என்பதற்கும் சான்று.

அந்த ஆண்டு 12 ராலிகளில் 7ஐ பூஜோ வென்றது. டிமோ சலோனென் சாம்பியன் ஆனார். அவுடிக்குக் கிடைத்தது ஒரே ஒரு வெற்றி. சமநிலை போய்விட்டது. சரியான கார் இல்லாத ஓட்டுநர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் பயனில்லை என்ற நிலை வந்தது. பின்தங்கிய நிறுவனங்களுக்கு ஒரே வழிதான் தெரிந்தது: இன்னும் அதிக சக்தி, இன்னும் குறைந்த எடை.

லான்சியா 1985 நவம்பரில் டெல்டா எஸ்4 காரைக் கொண்டுவந்தது. ஒரே எஞ்சினில் சூப்பர் சார்ஜரும் டர்போவும் சேர்ந்து இருந்தன. சக்தி 450 குதிரைத்திறனுக்கும் மேல். எடையோ ஒரு டன்னுக்கும் குறைவு. அப்படிப்பட்ட கார் ஒடுங்கிய மலைச்சாலையில், மரங்களுக்கும் பாறைகளுக்கும் நடுவே ஓடியது. ஓட்டுநர் யோசித்து முடிப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். எச்சரிக்கைகளும் வராமல் இல்லை. 1985 மே 2 அன்று கோர்சிகாவில் லான்சியா ஓட்டுநர் அட்டிலியோ பெத்தேகா உயிரிழந்தார். அதே ஆண்டு அர்ஜென்டினாவில் நடந்த விபத்தில் வாட்டனென் மரணத்தின் வாசல் வரை போய்த் திரும்பினார்.

1986

மார்ச் மாதம் போர்ச்சுகல் ராலி. சாலையின் இருபுறமும் வேலி எதுவும் இல்லாமல் கூட்டம். கார் வரும்போது நடுச்சாலையில் நின்றுவிட்டுக் கடைசி நொடியில் விலகுவதை வீர விளையாட்டாகவே சிலர் கருதினார்கள். ஜோவாகிம் சாண்டோஸ் என்ற உள்ளூர் ஓட்டுநரின் ஃபோர்டு ஆர்.எஸ்.200 கட்டுப்பாட்டை இழந்து கூட்டத்துக்குள் புகுந்தது. மூன்று பேர் இறந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள்.

அன்று மாலை நிறுவன அணிகளின் ஓட்டுநர்கள் ஒரு ஓட்டலில் கூடினார்கள். களத்தில் ஒருவருக்கொருவர் எதிரிகளான அவர்கள், இனி இந்த ராலியைத் தொடர மாட்டோம் என்று ஒன்றாகக் கையெழுத்திட்டார்கள். புள்ளிகளும் பட்டமும் அவர்களுக்கு அன்று பெரிதாகத் தெரியவில்லை. அவுடி அதன்பிறகு அந்தப் போட்டிகளிலிருந்தே விலகிக்கொண்டது.

மற்ற அணிகள் திரும்பி வந்தன. மே 2ஆம் தேதி, கோர்சிகா. பெத்தேகா இறந்து சரியாக ஓராண்டு ஆகியிருந்தது. பின்லாந்தின் 29 வயது ஹென்ரி டொய்வோனென் டெல்டா எஸ்4 காரில் முன்னிலையில் இருந்தார். ஆண்டின் முதல் ராலியான மான்டே கார்லோவை வென்றவரும் அவர்தான். இடதுபக்க வளைவு ஒன்றில் கார் சாலையை விட்டு விலகிப் பள்ளத்தில் விழுந்து தீப்பிடித்தது. டொய்வோனெனும் கோ-டிரைவர் செர்ஜியோ கிரெஸ்டோவும் அங்கேயே இறந்தார்கள். கார் உருத்தெரியாமல் எரிந்துபோனதால் விபத்தின் காரணம் கடைசி வரை தெரியவே இல்லை.

உடனடியாக, 1987 முதல் குரூப் பி கார்களுக்குத் தடை என்று சர்வதேச மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு அறிவித்தது.

அந்த ஆண்டின் பட்டம்கூட மைதானத்தில் முடிவாகவில்லை. சான்ரெமோவில் பூஜோ கார்களின் பக்கவாட்டுத் தகடுகள் விதிக்கு மாறானவை என்று அவற்றைப் பாதியில் விலக்கினார்கள். அலென் வென்றார். பிறகு அமெரிக்காவில் நடந்த கடைசி ராலியையும் வென்று உலக சாம்பியன் ஆனார். 11 நாட்களுக்குப் பின், பூஜோவை விலக்கியது தவறு என்று சான்ரெமோவின் புள்ளிகளையே ரத்து செய்தார்கள். பட்டம் அலெனிடமிருந்து போய் பூஜோவின் யூஹா கங்குனெனுக்குக் கிடைத்தது. அலென் அதற்குப் பிறகும் உலக சாம்பியன் ஆகவே இல்லை.

தடைக்குப் பின்

1987 முதல் குரூப் ஏ கார்களே ஓடின. 5000 கார்கள் தயாரித்து விற்றால்தான் ராலியில் இறக்க முடியும். அதற்குத் தகுந்த நான்கு சக்கர இயக்க டர்போ காரை லான்சியா தயாராக வைத்திருந்தது. விளைவு, 1987 முதல் 1992 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் நிறுவனப் பட்டம் லான்சியாவுக்குத்தான். உயிர்ச்சேதம் குறைந்தது, ஆனால் போட்டியும் குறைந்தது என்று சிலர் குறை சொன்னார்கள்.

அந்தக் குறையைத் தீர்த்ததில் ஒரு ஓட்டுநருக்குப் பெரும் பங்கு உண்டு. ஸ்பெயினின் கார்லோஸ் சைன்ஸ் டொயோட்டா செலிகாவில் 1990இலும் 1992இலும் ஓட்டுநர் பட்டத்தை வென்றார். அந்த இரண்டு ஆண்டுகளும் நிறுவனப் பட்டம் லான்சியாவுடையது. 1982இல் ரோர்ல் செய்ததை சைன்ஸ் இரண்டு முறை செய்து காட்டினார். தொடர்ந்து டொயோட்டா, சுபாரு, மிட்சுபிஷி என ஜப்பானிய நிறுவனங்கள் 1990களைத் தம் வசமாக்கின. 5000 கார்கள் விதி (பின்னர் 2500 ஆனது) ஒரு நன்மையும் செய்தது. சுபாரு இம்ப்ரெசா, மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் போன்ற ராலி கார்களின் உடன்பிறப்புகளைச் சாதாரண மனிதர்களும் கடையில் வாங்க முடிந்தது.

விடை என்ன?

கார், ஓட்டுநர், நிறுவனம் என்ற மூன்றில் எது வெல்கிறது என்ற கேள்விக்கு இந்த ஆறு ஆண்டுகள் தரும் விடை ஒன்றுதான். மூன்றும் ஒன்றையொன்று ஈடுகட்டக்கூடிய தூரத்தில் இருக்கும்வரை போட்டி உயிரோடு இருக்கிறது. 1982இல் காரின் குறையை ஓட்டுநரின் நிதானம் ஈடுகட்டியது. 1983இல் காரின் குறையை அணியின் திட்டம் ஈடுகட்டியது. 1985, 1986இல் காரை எதனாலும் ஈடுகட்ட முடியவில்லை. எனவே எல்லோரும் காரையே துரத்தினார்கள். அதற்கான விலையை ஓட்டுநர்களும் பார்வையாளர்களும் உயிரால் கொடுத்தார்கள்.

அந்தத் தூரத்தைத் தீர்மானிப்பது விதி. 200 கார்கள் என்று எழுதியதும் விதிதான், 5000 என்று மாற்றியதும் விதிதான். விதி எழுதுபவர்கள் மேசையில் செய்யும் சிறு மாற்றம் மலைச்சாலையில் ஒரு உயிராக மாறலாம். மிஷெல் மூட்டோன் பின்னாளில் சர்வதேச மோட்டார் கூட்டமைப்பின் மகளிர் ஆணையத்துக்குத் தலைவராகி, விதி எழுதுபவர்களின் பக்கத்தில் போய் அமர்ந்தது பொருத்தமான முடிவு.

2024ஆம் ஆண்டின் கடைசி ராலி ஜப்பானில் நடந்தது. ஹூண்டாய் ஓட்டுநர் தியரி நூவில் ஐந்து முறை இரண்டாமிடம் பெற்ற பிறகு முதல் முறையாக உலக சாம்பியன் ஆனார். நிறுவனப் பட்டத்தையோ டொயோட்டா மூன்றே புள்ளி வித்தியாசத்தில் ஹூண்டாயிடமிருந்து பறித்துக்கொண்டது. 41 ஆண்டுகளுக்கு முன் அவுடிக்கு நடந்தது அப்படியே ஹூண்டாய்க்கு நடந்தது. இரண்டு பட்டங்களும் இரண்டு பக்கம் போகும் ஆண்டுகளில் ராலி ரசிகர்கள் குழம்பலாம். ஆனால் போட்டி நலமாக இருக்கிறது என்பதற்கு அதுவே நல்ல அறிகுறி.